பாஸ் போடுங்க டாக்டர்

"இவளுக்கு மறதி ரொம்ப முத்திப்போச்சு டாக்டர்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் அவர். "போன வாரம் என் மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சுட்டேன். எங்க வெச்சேன்னு எனக்கு ஞாபகப்படுத்தக்கூட இவளால முடியல."

பக்கத்து நாற்காலியில் மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். நினைவுப் பரிசோதனைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியவளே அவள்தான். "துணைக்கு வாங்க" என்று அவள் கூப்பிட்டதிலிருந்து அவருக்கு ஒரே கவலை. இவள் ஒருநாள் தன்னைப் பார்த்தே யாரென்று கேட்டுவிட்டால், அப்புறம் அவர் யாரிடம் போய்ச் சண்டை போடுவார்?

"ஸார் என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் வைக்கிற ஆபீசர். முதல் தடவையே என்கிட்ட பாஸானவங்க ரொம்பக் கம்மி."

"அப்ப இந்த டெஸ்டையும் நீங்களே வைங்களேன். அம்மாவுக்குப் பதட்டம் இருக்காது. மூணு பொருள் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிக் கேக்கணும், அவ்வளவுதான்."

அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரேக், கிளட்ச், ஹாரன். நல்லா மனசுல வாங்கிக்கோ."

நடுவில் டாக்டர் எடுத்துக்கொடுத்தபடி தேதி கேட்டார், கிழமை கேட்டார். இரண்டுக்கும் சரியாகச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

"தொண்ணுத்திமூணு, எம்பத்தாறு, எம்பது."

"எழுபத்தொம்பது" என்று அவர் திருத்த, டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு ஊர் டிராஃபிக்கைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தார். அவரும் அரட்டையில் இறங்கிவிட்டு, சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லு, மூணும் என்ன?"

"பிரேக்... ஹாரன்..." மனைவி கூரையைப் பார்த்தாள். "டயர்."

"டயர்னு நான் எப்பச் சொன்னேன்? கிளட்ச்" என்றவர் டாக்டரின் பேனாவைப் பார்த்தார். எத்தனையோ பேரை ஈவிரக்கமில்லாமல் ஃபெயிலாக்கிய மனுஷர், வாழ்க்கையில் முதல்முறையாகச் சிபாரிசுக்கு இறங்கினார்.

"கிளட்சா இருந்தா என்ன, டயரா இருந்தா என்ன டாக்டர், ரெண்டும் ஒரே வண்டியிலதானே இருக்கு. கொஞ்சம் பார்த்து பாஸ் போட்டுடுங்க. விட்டதையெல்லாம் இவளுக்காக நான் ஞாபகம் வெச்சுக்கறேன்."

டாக்டர் சிரித்தபடி பேனாவை மூடினார். மனைவியோ நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டிருந்தாள். டாக்டர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதீங்கம்மா, உங்க வீட்டுக்காரர் பாஸ்."