பூநாரை வராத ஏரி

செல்லியம்மாள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

ஏரியின் தென்பகுதியை மண் கொட்டி மூடிச் சாலை போடுவதாகத் திட்டம். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம் என்று அரசு நாள் குறித்திருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீவத்சன் ஒரு மனுவை அச்சடித்து, வீட்டுக்கு ஒன்றாகக் கையெழுத்து வாங்கினார். படித்தவர்கள் நிறைந்த காலனி. மனுவை ஒருவரும் படிக்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் செல்லியம்மாள் படித்தாள். கடை திறக்கும் முன் தினமும் அவள் வந்து நிற்கிற ஏரிக்கரையில், பனி விலகாத விடியலில், ஸ்ரீவத்சன் அவளைப் பிடித்தார்.

“ஆயிரக்கணக்கா பூநாரை வருதுன்னு போட்டுக்கீது சார். நான் பொறந்ததுலேர்ந்து பார்க்கிறேன், ஒண்ணுகூட வந்ததில்ல.”

“அது வேற ஏரிக்கு எழுதினதும்மா. நல்லா இருந்ததுன்னு எடுத்துக்கிட்டோம். இப்போ பறவையா முக்கியம்?”

“பார்க்காததுக்கு எப்படி சார் கையெழுத்து போடறது?”

அவள் தண்ணீரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏரியை ஒட்டிக் கரைக்கு வெளியே அவளுக்கு ஒரு மனை இருந்தது. சாலை வந்தால் அதன் விலை எங்கேயோ போய்விடும், பூநாரை வெறும் சாக்கு என்று ஸ்ரீவத்சனின் மனைவி ரோஹிணி லிஃப்ட் வாசலில் சொன்னாள். அன்று மாலைக்குள் காலனி முழுவதும் அதையே சொன்னது.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. செல்லியம்மாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

“நானூற்றுப் பன்னிரண்டு மனுக்கள். வரிக்கு வரி ஒன்றே என்பதால் ஒரே கருத்தாகப் பதிவு செய்கிறோம்,” என்றார் அதிகாரி. “இந்த ஏரியில் பூநாரையைப் பார்த்தவர் யார்?”

ஒரு கையும் எழவில்லை. ஸ்ரீவத்சன் தன் செல்போனைப் பார்த்தார்.

“தபாலில் தனியாக ஒரு கடிதம் வந்திருக்கிறது,” என்று அதிகாரி படிக்கத் தொடங்கினார்.

‘விடியலில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. அப்போது தாழைக்கோழி குஞ்சுகளோடு கோரைக்குள்ளிருந்து வரும். ஐப்பசியில் மேற்குக் கால்வாய்த் தண்ணீர் முதலில் தென்பக்கம்தான் நிறையும். அங்கே மண் கொட்டினால் அது போக இடமில்லாமல் காலனி வீடுகளுக்குள் வந்து நிற்கும்.’

மண்டபத்துக்குள் பனி இறங்கியதுபோல் இருந்தது. கோரையின் சலசலப்பு கேட்டது. பிறகு எல்லோருடைய காலடியிலும் தண்ணீர் மெல்ல ஏறியது. தரைத்தள வீட்டுக்காரியான ரோஹிணி தன்னையறியாமல் பாதங்களை உயர்த்திக்கொண்டாள்.

“மாற்று வழி உண்டா என்றும் அறிவிப்பில் கேட்டிருந்தோம். அதற்கு இந்த ஒரு கடிதத்தில்தான் பதில் இருக்கிறது,” என்று அதிகாரி தாளைத் திருப்பினார்.

‘ஏரியை விட்டுவிடுங்கள். கரைக்கு வெளியே என் மனை இருக்கிறது. சாலைக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிக்கு, செல்லியம்மாள்.’