பாக்கெட்டின் பின்பக்கம்

"இதைக் கடையிலயே கொடுத்துட்டு வேற வாங்கிட்டு வாங்க."

பூசணி விதை பாக்கெட்டை அவள் ஒரு விரலால் மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். அவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"இதுக்கு என்ன குறைச்சல்?"

"பின்பக்கம் படிச்சீங்களா?"

அவர் படிக்கவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கடைசி வரியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்தது: இதே ஆலையில் வேர்க்கடலையும் பதப்படுத்தப்படுகிறது.

"பஸ் ஓட்டும்போது மட்டும் ஒரு போர்டு விடாம படிக்கிறீங்க. பிள்ளை வாயில போறதைப் படிக்க மாட்டீங்களா?"

இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். பயணிகள் என்ன ஏசினாலும் வாயைத் திறக்காத மனுஷன், இப்போது எதையோ சொல்ல வாயெடுத்தார். "சரிம்மா" என்றுதான் வந்தது.

மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மூத்தவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னவனுக்கு மூன்று வயதானபோது, யாரோ ஆசையாக ஒரு வேர்க்கடலை பிஸ்கட் கொடுத்தார்கள். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அன்றோடு அந்த வீட்டில் வேர்க்கடலையும் நின்றது, கடைத் தின்பண்டமும் நின்றது.

ஞாயிறுதோறும் அவளே ஓட்ஸை வறுத்து, பேரீச்சம்பழத்தைத் தேனில் மசித்து, விதைகளைக் கலந்து, தட்டில் அழுத்தி ஓவனில் வைத்து, வில்லை போடுவாள். வாரம் முழுக்க நாலு பேரின் சாயங்காலப் பசிக்கும் அதுதான். அதற்கென்று தனிக் கரண்டி, தனிக் கத்தி, தனிப் பலகை. வேர்க்கடலை என்றால் உயிரை விடும் மூத்தவள்கூட, பள்ளிக்கூடத்தில் தோழிகள் நீட்டினாலும் தொட்டதில்லை. கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால்?

அவர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதவுக்குப் பின்னால், சாவிகளுக்குப் பக்கத்தில், சின்னவனுக்கு மூச்சு இழுத்தால் போடும் அவசர ஊசி சிவப்புப் பையில் தொங்கியது. எடுத்துத் தேதியைப் பார்த்தார். காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன் அந்தத் தேதி அந்த வீட்டில் தவறியதே கிடையாது. காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, ஒரு வாரம் முன்னாலேயே புதிது வாங்கிவிடுகிறவர் அவர். ஊசியைத் திரும்பவும் அதே ஆணியில் மாட்டிவிட்டு நடந்தார்.

கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கேலியாக ஏதோ சொல்ல வந்தார். முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "மாத்திக்கங்க டிரைவரண்ணே. நிதானமா பார்த்து எடுங்க."

அவர் அலமாரி முன்னால் நின்று பாக்கெட் பாக்கெட்டாகத் திருப்பிப் படித்தார். நாலாவது பாக்கெட்டில் எழுத்து கலங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் சரியாகவில்லை.

அவள் பாதி உடம்பாகிவிட்டாள். கழுவிய கத்தியையே மூன்று தடவை கழுவுகிறாள், சரியாகத் தூங்குவதில்லை. 'இவ்வளவு பயம் போதும்மா' என்று இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பார். நினைத்துக்கொண்டே கடையில் வந்து நிற்பார்.

புதுப் பாக்கெட்டை அவள் முன்னும் பின்னும் இரண்டு தடவை படித்தாள். "ம், இது ஆகும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த தைரியம் அவரை விட்டுப் போய்விட்டது.

விதை வறுபட்டது. ஓவனிலிருந்து தேன் வாசனை வந்தது. சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும் என்று ஆறும்வரை தட்டுப் பக்கத்திலேயே காவல் நின்றாள். பிறகு மூத்தவளின் அடிஸ்கேலைக் கழுவித் துடைத்து, கோடு பிடித்து வெட்டினாள். பதினாறு வில்லை.

"தலைக்கு நாலு. ஒருத்தருக்கொருத்தர் சண்டை போடக் கூடாது," என்றாள். "தம்பி டப்பாவை எடுத்துட்டு வாடி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தொடு."

மூத்தவள் எழுந்தாள். கையைக் கழுவினாள். டப்பா இருந்த பக்கம் போகவில்லை.

"என்னடி நிக்கிற? அவன் பசியோட வருவான்ல?"

மூத்தவள் அம்மாவின் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். தேன் பிசுபிசுத்த அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா" என்று மகளிடம் தலையசைத்தார். ஆனால் மூன்று மாதமாக அவர் மென்று முழுங்கிக்கொண்டிருந்ததை அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் சொல்லிவிட்டாள்.

"இனிமே எந்தப் பாக்கெட்டா இருந்தாலும் பரவாயில்லம்மா... தம்பிதான் இல்லையே."