வெள்ளிக்கிழமைச் சண்டை

"வந்துட்டான் பாரு, சைக்கிளை வித்துத் தின்னவன்!"

ஜும்ஆ தொழுகை முடிந்து ஜெயினுலாபுதீன் உள்ளே நுழைந்ததுமே கட்டிலில் இருந்த ரஹ்மத்துல்லா கத்தினார்.

"எவன் வித்தான்? திருப்போரூர்ல திருடு போச்சுன்னு எத்தினி வாட்டி சொல்றது? அதுவும் எங்க அத்தா உனுக்குச் சீரா குடுத்த சைக்கிளு. உனுக்கு இன்னா மச்சான் பேஜாரு?"

"குடுத்தப்புறம் அது என் சைக்கிள்டா!"

பதருன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலும்பும் தோலுமாகக் கிடக்கிற மனுஷனிடம் வாராவாரம் வந்து மல்லுக்கு நிற்கிறானே, இவனெல்லாம் ஒரு அண்ணனா?

அவள் புருஷனுக்கு ரத்தத்தில் புற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றிலேயே மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டார். "இது தீராதும்மா. ஆனா மாத்திரையை விடாம குடுத்தா வருஷக்கணக்கா இருந்தாலும் இருப்பாரு."

அவர்கள் ஊரான சதுரங்கப்பட்டினத்தின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. சாகப்போகிறவரிடம் செய்த தப்புக்கெல்லாம் முந்திக்கொண்டு மாப்பு கேட்டு வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுமையில் யார் பதில் சொல்வது? சொந்தக்காரர்கள், கடைப் பங்காளி, சம்பந்தி என்று எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் பேசியிருந்தா மாப்பு குடுத்துடு பாய்" என்று கையைப் பிடித்து அழுதார்கள். அவரும் எல்லோருக்கும் கொடுத்தார்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போது பதருன்னிசாவைத் தெருவில் பார்த்தால், "இன்னும் கீறாரா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள்.

மாப்பு கேட்காத ஒரே ஆள் அவளுடைய அண்ணன்தான். இந்தக் கசப்போடு புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ற நினைப்பிலேயே அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்று சண்டை முடிந்து கிளம்பியவனை வாசலில் மடக்கினாள்.

"அண்ணே, ஊரே மாப்பு கேட்டுடுச்சு. நீ மட்டும் ஏன் கேக்கமாட்டேன்ற?"

"அது வேணாம் பதரு. வுட்டுடு."

"பின்ன அவரு கண்ண மூடுனப்புறம் மய்யித்துகிட்ட கேப்பியா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கப் பார்த்தான்.

"அடுத்த வெள்ளி நீ மாப்பு கேக்கணும். இல்லாட்டி இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காதே. அல்லா மேல ஆணை!"

வழக்கம்போல அந்த வாரமும் ரஹ்மத்துல்லா வியாழன் வரைக்கும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். கூப்பிட்டால் 'ம்' என்பதோடு சரி. வெள்ளி விடிந்ததும் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். "அந்த வெள்ளைச் சட்டைய எடு பதரு" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஜெயினுலாபுதீன் வந்தான்.

"வாடா, சைக்கிள் திருடா!"

அவன் நேராக வந்து கட்டிலோரம் உட்கார்ந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான்... சைக்கிளை நான்தான் வித்தேன். எனுக்கு மாப்பு குடுத்துடு."

ரஹ்மத்துல்லாவின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோயிற்று.

"குடுத்துட்டேன்டா."

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஜெயினுலாபுதீன் வெளியே போய்விட்டான்.

பதருன்னிசாவுக்குத் தலைச்சுமையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. தலையணையைச் சரி செய்தபடி கேட்டாள்: "இப்ப மன்சு லேசா கீதாங்க?"

ரஹ்மத்துல்லா வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மாப்பு வாங்கினு போனவன் எவனாச்சும் இந்த வூட்டுக்குத் திரும்பி வந்துகீறானா, பதரு?"