நீல பாராசூட்டுக்கு ஒரு பை

"தோள், மார்பு, தொடை அளவெல்லாம் சரிங்க மேடம். ஆனா நீங்க கேக்குற பை ஒங்க முதுகுக்கு ரொம்பப் பெருசு."

விமானத்திலிருந்து குதிப்பவர்களுக்குப் பாராசூட் பை தைத்துத் தரும் கம்பெனியின் ஏஜென்ட், போன் ஸ்பீக்கரில் பேசினார். கீரமங்கலத்து வீட்டில் இன்ச் டேப்பும் கையுமாக நின்றாள் மர்யம்.

"பெருசாவே இருக்கட்டுங்க. எங்க வீட்டுக்காரரோட பழைய பாராசூட் அதுல அடங்கணும்."

"ஒங்க எடைக்குச் சின்ன பாராசூட்டே போதுமே? பையும் அடக்கமா வரும்."

"வேணாங்க. துபாயில அவுக அதுலதான் குதிப்பாக."

அப்போதெல்லாம் குதித்து முடித்ததும் இருவரும் தரையில் மண்டியிட்டு, அந்த நீலத் துணியின் காற்றை அமுக்கி அமுக்கி மடிப்பார்கள். அவனைப் பார்த்துத்தான் அவளும் குதிக்கக் கற்றாள்.

"ரோட்டுல ஒரு ஆக்சிடென்ட்டுங்க. எல்லாம் நின்னு போச்சு."

"மன்னிச்சுக்கங்க மேடம். அவரு ஞாபகமா வச்சிருக்கீங்க போல."

"யாரு ஞாபகமா?" ஊன்றுகோலை ஊன்றியபடி உள்ளறையிலிருந்து வந்த ஷாகிர் போனை வாங்கினான். "தம்பி, நான் உசுரோடதான் இருக்கேன். இடுப்பு ஒடைஞ்சதுல குதிக்கத்தான் முடியாது."

ஏஜென்ட் தடுமாறினார். "அப்புறம் எதுக்கு சார் அந்தப் பழசு?"

"வானத்துல எத்தனையோ பாராசூட் விரியும். எம் பொண்டாட்டி எதுல எறங்குறான்னு கீழ நிக்கிற எனக்குத் தெரிய வேணாமா?"