அம்மாவின் சிபாரிசு

கொரோனாவில் சென்னை கம்பெனி வேலையை விட்டு எடுத்ததிலிருந்து, ராஜ்மோகன் நெய்வேலி குவார்ட்டர்ஸில்தான் அடைந்து கிடந்தான். அன்று, வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பும் கம்பெனி ஒன்றுக்குப் போனில் இன்டர்வியூ. அம்மா சந்திரா கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆர்டர் எல்லாத்தையும் நானே பார்த்துக்குவேன் மேடம்," என்றான் மகன்.

பிள்ளைக்குப் பேசத் தெரியவில்லையே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் "வேணாம்மா, வேணாம்" என்று கையை ஆட்ட ஆட்ட, போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மேடம், ராஜ்மோகனோட அம்மா பேசறேன். தங்கமான பையன். கொரோனாவைச் சாக்கா வச்சு ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மனசாட்சி இல்லாத ஜனங்க!"

"பாவந்தாங்க. எனக்கும் அப்படித்தான் ஆச்சு," என்றது மறுமுனை.

"உங்களையுமா? யாரு மேடம் அந்தப் பாவி?"



"நான் வீரம்மா பேசறேம்மா. உங்க வூட்டுல ஒம்பது வருசம் பாத்திரம் தேய்ச்சேனே. கொரோனா வந்திடுச்சு, இனிமே வராதன்னு நீங்க சொன்னப்புறந்தான், காய்ச்சல் கண்ட வூடுங்களுக்குச் சாப்பாடு கட்டிக் குடுக்க ஆரம்பிச்சேன். இப்ப பன்னெண்டு பேரு நம்மகிட்ட வேலை செஞ்சிக்கினு இருக்காங்க."

சந்திரா போனை மகன் கையில் திணிக்கப் போனாள்.

"தம்பிய நாளைக்கே வரச் சொல்லுங்க. நம்மகிட்ட கொரோனா வந்தாலும் சம்பளத்தோட லீவுதாங்க."