கழுத்து வரைக்கும் புழுதி

"கடலைப் பார்க்கலாம். பஸ் ஜன்னல் வழியா!" என்றாள் தோன்யா எர்மெலிந்தா.

பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே பக்கம் பாய்ந்ததில் வண்டி சாய்ந்தது.

"பாதிப் பேர் இந்தப் பக்கம் வாங்கம்மா! வண்டி கடலுக்குள்ள போயிடும்!" என்று டிரைவர் அலறினான்.

"போகட்டுமே. அப்படியாவது கால் நனையும்," என்று முணுமுணுத்தாள் நிக்கனோரா.

ஐம்பத்தெட்டு வயதில் இப்போதுதான் கடலைப் பார்க்கிறாள். புவெப்ளா மலைப்பக்கத்தில் சோள ரொட்டி தட்டியே காலம் ஓடிவிட்டது. ஒரே ஒரு தடவை அந்தத் தண்ணீரில் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அடுத்த வருஷம் முட்டி பஸ் ஏற விடுமோ என்னவோ.

ஆனால் இது உல்லாசப் பயணம் இல்லை, யாத்திரை. கிளம்புவதற்கு முன் பங்குச் சாமியார் எல்லோரையும் மாதா சொரூபத்தின் முன் நிறுத்தி, குடிகாரர்களிடம் வாங்குகிற மாதிரியே சத்தியம் வாங்கியிருந்தார். கோயில், கோட்டை, மியூசியம், எதையும் விட்டுவிட்டுக் கடலுக்குப் போவதில்லை என்று. ஆளுக்கொரு சத்தியச் சீட்டு வேறு. அதைக் காப்பாற்றும் பொறுப்பு, எல்லோரும் மரியாதையாகத் 'தோன்யா' என்று கூப்பிடும் ஜெபமாலைச் சபைத் தலைவி எர்மெலிந்தாவுக்கு.

அவளும் காப்பாற்றினாள். கொளுத்தும் வெயிலில் கோட்டையின் ஒவ்வொரு பீரங்கியையும் தொட்டுப் பார்க்க வைத்தாள். மியூசியத்தில் ஒவ்வொரு பானையின் முன்னாலும் நிறுத்தினாள்.

"இதைவிட நல்ல பானையெல்லாம் எங்க வீட்ல உடைஞ்சிருக்கு," என்றாள் நிக்கனோராவின் தோழி சாயோ.

"வாயை மூடிட்டுப் பானையைப் பாருடி!"

மூன்றாவது கோயிலில் ஜெபமாலை ரயில் வேகத்தில் ஓடியது.

"மெதுவா! மாதா எங்கே ஓடியா போறா?"

"மாதா ஓடலை தோன்யா. பொழுதுதான் ஓடுது."

எர்மெலிந்தா முறைத்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள்.

"சிரிப்புன்னா என்னன்னே தெரியாத கட்டை," என்றாள் நிக்கனோரா, சாயோவின் காதில். "இவ புருஷன் எதுக்கு அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தான்னு இப்பத்தான் புரியுது."

கடைசியாக ஒரு மீனவர் கிராமத்துச் சின்னக் கோயில். மணலை ஒட்டியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நேரே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"எல்லாரும் வண்டியிலேயே இருங்க. உள்ளே ஆள் இருக்கான்னு பார்த்துட்டு வரேன்," என்று எர்மெலிந்தா தனியாக இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கடுகடுவென்று திரும்பி வந்தாள்.

"பூட்டியிருக்கு. சாவிக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்காராம்."

நிக்கனோரா சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். "அப்படின்னா... கடலுக்கு?"

"கடலா? யாருடி கடலுக்குப் போறது? கோயிலை விட்டுட்டுப் போக முடியுமா? சாவி வர்ற வரைக்கும் காத்திருக்கப் போறோம். காத்திருக்கிற இடம் மணலா இருக்கு. அவ்வளவுதான்."

எல்லோரும் இறங்கினார்கள். கோயில் பெஞ்சில் உட்காருவது போல, செருப்பைக்கூடக் கழற்றாமல், மடியில் தமாலே என்கிற சோளக் கொழுக்கட்டைப் பொட்டலங்களோடு மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முன்னால் அலை வந்து வந்து போனது.

நிக்கனோராவால் தாங்க முடியவில்லை.

"தோன்யா, காலெல்லாம் புழுதி. இப்படியேவா கோயிலுக்குள்ள போறது?"

எர்மெலிந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தியச் சீட்டைப் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"கழுவக் கூடாதுன்னு போடலை. பாதம் மட்டும்."

"முட்டியிலயும் இருக்கு, தோன்யா."

"சரி, முட்டி."

"எனக்கு இடுப்பு வரைக்கும்!" என்றாள் சாயோ.

"எனக்குக் கழுத்து வரைக்கும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இந்த வெராக்ரூஸ் பக்கம் ரோடு ரொம்ப மோசம்," என்றாள் எர்மெலிந்தா, முகம் மாறாமல்.

அடுத்த நிமிஷம் கரையில் செருப்புகள் மட்டும்தான் இருந்தன. கட்டின பாவாடையோடு அத்தனை பேரும் தண்ணீரில். முதல் அலை முட்டியில் மோதியபோது நிக்கனோரா கத்தினாள். அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளங்கையில் அள்ளிக் குடித்துப் பார்த்துத் துப்பினாள். மறுபடியும் குடித்தாள்.

"எப்படி ஏமாத்தினோம் பார்த்தியா? பானையெல்லாம் காட்டத் தெரியுது, இது தெரியலை!" என்றாள் சாயோ.

எர்மெலிந்தா கறுப்புக் குடையின் கீழ், கடலுக்கு முதுகைக் காட்டியபடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் இறங்கியது. டிரைவர் ஹாரனை அழுத்தினான்.

"இருட்டறதுக்குள்ள மலை ஏறணும்! சாவி வந்தா என்ன, வராட்டி என்ன?"

எர்மெலிந்தா எழுந்தாள். பாவாடையைத் தூக்கிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் வந்து நின்று, "புழுதி போனது போதும்! வெளியே வாங்கடி!" என்று அதட்டினாள். கரைப் பக்கம் திரும்பியதும் பின்னால் வந்த அலை அவளைக் குடையோடு குப்புறத் தள்ளியது.

பக்கத்தில் இருந்தது நிக்கனோரா ஒருத்திதான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கும்போது எர்மெலிந்தாவின் ரவிக்கைக்குள்ளிருந்து என்னவோ நழுவித் தண்ணீரில் விழுந்தது.

ஒரு சாண் நீளத்தில் இரும்புச் சாவி. அதில் கட்டியிருந்த மரத்துண்டில் அந்தச் சின்னக் கோயிலின் பெயர்.

எர்மெலிந்தா வாயைத் திறந்தாள். மூக்கிலிருந்து கடல் தண்ணீர் சொட்டியது.

நிக்கனோரா குனிந்து சாவியை எடுத்தாள். தலைவியின் சால்வைக்குள் ஆழமாகத் திணித்தாள். பிறகு கரையைப் பார்த்துக் கத்தினாள்:

"டிரைவர் தம்பி, ஹாரனை நிறுத்து! சாவிக்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம்!"