செம்பனின் தொண்டை

ஓர் இசைப் பள்ளி விடுதியில் செம்பன் என்ற இளஞ்சேவலும் ஒரு மைனாவும் ஒரே அறையில் தங்கிப் படித்தார்கள். ஒரு வாரமாகச் செம்பனுக்குக் குரல் உடைந்திருந்தது. குரல் கெட்டவன் அன்றே ஊருக்குப் போக வேண்டும் என்பது விடுதிக் காப்பாளர் வான்கோழியின் சட்டம். அதனால் கூட்டுப் பாட்டில் அவன் அலகை மட்டும் அசைத்து ஒப்பேற்றினான்.

ஒரு நாள் காலை, "இன்னிக்கு ஒவ்வொருத்தரா பாடுங்க" என்றார் வான்கோழி. செம்பன் மைனாவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ வாயை மட்டும் திறடா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று மைனா அவன் வாலுக்குப் பின்னால் பதுங்கினான்.

செம்பன் வாயைத் திறந்தான். அவனுடைய பழைய குரல் கணீரென்று ஒலித்தது.

"பலே!" என்றார் வான்கோழி.

அடுத்தது மைனா. பதற்றத்தில் அவனுக்குச் செம்பனின் குரலே மறுபடியும் வந்துவிட்டது.

"கூடப் படிக்கிறவனையே கேலி பண்றியா? கிளம்புடா ஊருக்கு!"

மைனா தலையைக் குனிந்தபடி வாசலை நோக்கி நடந்தான். செம்பன் ஓரடி முன்னே வந்தான். பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

"ஐயா..." அது கரகரவென்று பிளந்து வந்தது. வரிசையே திரும்பிப் பார்த்தது. "முதல்ல பாடினதும் அவன்தான்."

வான்கோழி மைனாவை உள்ளே அனுப்பிவிட்டு, செம்பனை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். தெருவில் இறங்கியதும் செம்பன், ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்த இருமலை வாய்விட்டு இருமினான்.